மூன்றாம் தெருவில் நடமாடிய அறை

பாளையங்கோட்டையில் எங்கள் மூன்றாம் தெருவுக்கு வந்து கேட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டு அறை முதலில் போனது முத்துச்செல்வி வீட்டு அடுப்பங்கரைக்கா, கோயில்பிள்ளை சார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கா என்று இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அறை போனதா இல்லையா என்று கேட்கிற ஆள் ஒருத்தரும் கிடையாது.

என் மகன் பிரிட்டோ பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஈஸ்டர் லீவுக்கு வந்தவன் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருக்கிற பலகையில் வைத்து, வைஃபை மெஷினோடு ஒரு வயரால் சேர்த்தான். வீட்டுப் போட்டோக்கள், பிள்ளைகளின் மார்க்கு ஷீட்டுகள், வீட்டுப் பத்திரம், கோயில் பாட்டு எல்லாவற்றையும் இதற்குள் போட்டுவிட்டால் யார் போனிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, எனக்காக வாங்கினது என்பதால் பெட்டிக்குச் சொந்தக்காரி என்று என் பெயரையே எழுதினான். தெரியாமல் யாரும் எதையும் அழித்துவிடக் கூடாதே என்று இன்னொன்றும் செய்தான்: விருந்தாளியாக வருகிறவர்கள் உள்ளே எதையும் போடலாம், உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், ஆனால் வெளியே எடுக்க முடியாது. பெட்டியில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு நின்று நிதானமாக எரிந்ததும், பங்குக் கோயில் காலண்டர் தொங்கின சுவரில் ஒரு கதவு இருந்தது. காலண்டரைக் கழற்றிக் கதவின் மேலேயே ஆணி அடித்து மாட்டினேன்.

உள்ளே பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை. சுவர் முழுக்க எங்கள் போட்டோக்கள், அலமாரியில் பத்திரம், மூலையில் பாட்டு. ஜன்னல் இல்லை, ஆனால் புழுக்கமும் இல்லை. பொது ஃபோல்டர் திறந்துவிட்டது என்று பிரிட்டோ சந்தோஷப்பட்டான். அறையைப் பெருக்கி, ஒரு மூலையில் வெங்காயக் கூடையை வைத்துக்கொண்டேன், நல்ல காற்றோட்டமான இடம்.

அறை என் வீட்டுக்காரருக்குத்தான் ரொம்பப் பிடித்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வானவர், பெயர் சூசைமாணிக்கம். அதிகம் பேசமாட்டார். இந்தத் தெருவில் வீடு கட்டி வந்த நாளிலிருந்து எந்த வீட்டு நடைக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்றால் என் முகத்தைப் பார்ப்பார். பிள்ளைகளிடமும் அப்படித்தான். ஆனால் எங்கள் மகள் ஜெனிட்டா எல்.கே.ஜி.க்குப் போன அன்றிலிருந்து, அவள் வாசல் தாண்டும்போதெல்லாம் கட்டைவிரலால் அவள் நெற்றியில் ஒரு சிலுவை போடுவார். பரீட்சைக்கும் போடுவார், பஸ் ஏறவும் போடுவார், அவள் டீச்சராகி முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோதும் போட்டார். அவர் வாயால் சொல்லாததெல்லாம் அந்த விரலில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் ஒரு மடக்கு நாற்காலியை அந்த அறைக்குள் போட்டுக்கொண்டு, பேப்பரும் கையுமாக மத்தியானமெல்லாம் அங்கேயே இருந்தார். ஐப்பசியில் ஒரு நாள் பகலே இருட்டிக்கொண்டு வந்தது. இடி இடித்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பிளக்கையும் பிடுங்கிவிடுவது என் வழக்கம், எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்குமே வழக்கம்தான். ஃபிரிட்ஜ், டிவி, மிக்சி என்று வரிசையாகப் பிடுங்கி, வைஃபையையும் பெட்டியையும் பிடுங்கி, சந்தன மரியாளே காப்பாற்றும் என்று உட்கார்ந்தேன். மழை விட்டதும் எல்லாவற்றையும் மாட்டினேன். பெட்டி பச்சையாக எரிந்தது. காலண்டர் வெறும் சுவரில் தொங்கியது.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு முத்துச்செல்வி சுவரோரம் வந்து நின்றாள்.

“மைனி, பதறாதீங்க. அண்ணாச்சி எங்க அடுப்பங்கரையில இருக்காவ. காப்பி குடுத்திருக்கேன்.”

போய்ப் பார்த்தால், அவள் அம்மிக்கல்லுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் எங்கள் கதவு திறந்திருந்தது. உள்ளே இவர் நாற்காலியில் உட்கார்ந்து, புதுமாப்பிள்ளை மாதிரிக் கூச்சத்தோடு காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். வாங்க வீட்டுக்கு என்றேன். எழுந்து வந்தார். வாசற்படி வரைக்கும் வந்த கால் அதைத் தாண்டவில்லை. கையை நீட்டினார், விரல்நுனி படிக்கு நேரே நின்றுவிட்டது, கண்ணாடியில் முட்டினது மாதிரி. காப்பி டம்ளரைத் திருப்பித் தரப் பார்த்தார், அதுவும் வரவில்லை. முத்துச்செல்வி இன்னொரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள், அது உள்ளே போனது, போனது போனதுதான்.

பிரிட்டோவுக்குப் போன் போட்டேன். அவன் பெங்களூரில் இருந்தபடியே பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தான். கூப்பிட்டால் பதில் வருகிறது, உள்ளேதான் விடவில்லை என்றான். பிறகு நிதானமாக எனக்கு விளக்கினான். பெட்டி ஒவ்வொரு தரம் அணைந்து எழும்பும்போதும் வைஃபை மெஷின் அதற்கு ஒரு கதவு நம்பர் கொடுக்குமாம், எது காலியாக இருக்கிறதோ அதைத் தூக்கிக் கொடுக்குமாம். நம்பர் மாறினதால் வாசல் மாறிவிட்டது, வாசல் மாறினதால் உள்ளே இருந்த அப்பாவைப் பெட்டிக்கு அடையாளம் தெரியவில்லை, விருந்தாளிக் கணக்கில் வைத்துவிட்டது. விருந்தாளி உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியாது, தன்னையும் சேர்த்து.

“அது சரிம்மா, நம்ம வீட்டு நம்பர் எப்படி முத்துச்செல்வி அத்தை வீட்டுக்குப் போச்சு? வைஃபை பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா?”

“கேட்டவங்களுக்குக் குடுத்தேன்.”

“யார் யாரு கேட்டா?”

“தெருவுல எல்லாரும் கேட்டாங்க.”

முருங்கைக்காய் கேட்டால் கொடுக்கிறேன், கறிவேப்பிலை கேட்டால் கொடுக்கிறேன், மோட்டார் ஓடாத நாளில் தண்ணீர் கேட்டால் குழாயையே சுவரில் போட்டுக் கொடுக்கிறேன். இதைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. முத்துச்செல்வி மகள் அதில்தான் பரீட்சைக்குப் படிக்கிறாள், தெருக்கோடியில் தையற்கடை வைத்திருக்கிற காஜா பாய் அதில்தான் துபாயில் இருக்கிற மகன் முகத்தைப் பார்க்கிறார்.

பிரிட்டோ ஒரு தரம் அணைத்துப் போடச் சொன்னான். அணைத்துப் போட்டேன். முத்துச்செல்வி சுவர் மூடிக்கொண்டது, கோயில்பிள்ளை சார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கதவு திறந்தது. இன்னொரு தரம் போட்டதில் இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போனது. இனிமேல் தொடாதீங்க என்றான். நான் தொடாவிட்டால் என்ன, கரண்ட் ஆபீஸ்காரர்கள் தொட்டார்கள். கரண்ட் போய் வந்தால் எங்கள் தெருவில் முதலில் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அவரவர் வீட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி யார் வீட்டில் என்று சத்தம் போய், இங்கனதான் என்று பதில் சத்தம் வந்ததும், அந்த வீட்டில் உலை கொஞ்சம் கூட வைப்பார்கள், மற்ற வீட்டிலிருந்து குழம்பும் கூட்டும் அங்கே போகும்.

அறை வருகிற வீட்டுக்கு மரியாதை என்று ஆகிவிட்டது. ரொம்ப நாள் வராத வீட்டுக்காரர்கள் எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். இஸ்திரிக்காரர் மனைவி, அண்ணாச்சி வந்த அன்றைக்குத் தன் வீட்டில் வெறும் துவையல்தான் என்று வருத்தப்பட்டு, மறுபடி வந்தால் போடலாம் என்று வெடைக்கோழி ஒன்றைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். இதற்குள் தெருவில் டம்ளர் தட்டுப்பாடு வந்துவிட்டது. உள்ளே போன டம்ளரும் தட்டும் அறையில் அடுக்கடுக்காக ஏறி, எங்கள் கல்யாண போட்டோவை மறைத்தன. பிறகு எல்லாரும் பேப்பர் கப்பில் காப்பியும் இலையில் சோறும் கொடுத்தார்கள். மற்றத் தேவைகளுக்கு என்ன செய்கிறார் என்று கோயில்பிள்ளை சார் மெல்ல விசாரித்தபோது, இந்த அறையில் பசியைத் தவிர வேறொன்றும் வருவதில்லை என்று இவர் சொன்னாராம், சாருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்ததாம்.

அந்தக் கோயில்பிள்ளை சாருக்கும் இவருக்கும் வாசல் சாக்கடை ஓடைத்தண்ணீர் விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே இவர் முகம், இவர் நிமிர்ந்தால் எதிரே சார் முகம். முதல் நேரம் இரண்டு பேரும் ரசத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அடுத்த நேரம், புனிதர்களைக் கும்பிடாத சி.எஸ்.ஐ. சபைக்காரரான சார், நீங்கள் ஆர்.சி.காரர்கள் இத்தனை புனிதர்களை வைத்திருக்கிறீர்களே, ஒருத்தர்கூடவா இறங்கி வந்து கதவைத் திறக்கவில்லை என்று சீண்டினார். அந்தோணியார் வந்தார், சி.எஸ்.ஐ. வீடு என்று தெரிந்ததும் வாசலோடு திரும்பிவிட்டார் என்று இவர் சொன்னார். சாருக்குச் சிரித்துப் புரையேறி, மிசஸ் கோயில்பிள்ளை வந்து தலையில் தட்டினாளாம். என் கல்யாணத்துக்குப் பிறகு இவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான், அதையும் நான் அடுத்த வீட்டார் சொல்லித்தான் கேட்டேன்.

பங்குச் சாமியார் வந்து பார்த்தார். வாசற்படியைத் தொட்டுப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, என்னிடம் இது புதுமை, அற்புதம் எல்லாம் இல்லையம்மா, செட்டிங் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு, அறை எந்த வீட்டில் என்று விசாரித்து வந்து, முத்துச்செல்வி வீட்டு மிக்சி பக்கத்தில் நின்று இவருக்கு நன்மை கொடுத்துப் போனார். முத்துச்செல்வி அதற்காக அடுப்பங்கரையைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தாள்.

நானும் அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி ஏற்றினேன். தொலைந்த சாவியைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவருக்கு இதுவும் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு பக்கம் வருத்தமும் ஒரு பக்கம் சந்தோஷமுமாக இருந்தது. எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசிலில் சோறாகும், எந்த வீட்டுப் பிள்ளை கணக்குக்குப் பயந்து அழும், காஜா பாய் துபாய்ப் போனை வைத்ததும் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார், எல்லாம் இவருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் நான் போய் வாசற்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால், என்னிடம் அத்தனையும் சொன்னார்.

ஆனால் ஜெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம் குறித்திருந்தது. மாப்பிள்ளை வள்ளியூர்க்காரர், நல்ல இடம், அந்த மாதக் கடைசி சனிக்கிழமை என்று கோயிலில் கல்யாண ஓலை வாசிக்காத குறையாக எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அப்பா நெற்றியில் சிலுவை போடாமல் மோதிரம் மாற்றப் போய் உட்கார மாட்டேன் என்று ஜெனிட்டா சொல்லிவிட்டாள். வீம்பு பிடிக்கிற பிள்ளை இல்லை அவள், அதனால் அது வீம்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் இஸ்திரிக்காரர் வீட்டில் நின்று, நான் உள்ளே போகிறேன், உள்ளே போடலாம்தானே என்று படியில் காலை வைத்தே விட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து இவரும் வராதே என்று கையைக் காட்டினார். அந்தக் கை படிக்கு நேரே வந்து நின்றது.

பிரிட்டோ போன் வழியாகவே சரிபண்ணப் பார்த்தான். எங்கள் பழைய கம்ப்யூட்டரை எடுத்து வைத்து அவன் சொல்லச் சொல்லத் தட்டினேன். பெட்டி புதுப் பாஷை பேசுகிறது, நம்ம கம்ப்யூட்டர் பழைய பாஷை பேசுகிறது, இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று விளங்கவில்லை என்று கடைசியில் சொன்னான். லீவு கிடைத்து, புதுக் கம்ப்யூட்டரோடு அவன் வந்து இறங்கியது சனிக்கிழமை காலையில்தான். அன்றைக்கு அறை காஜா பாய் வீட்டில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேன் வள்ளியூரை விட்டுக் கிளம்பிவிட்டது என்று போன் வந்திருந்தது.

எங்கள் வீட்டில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பெட்டியையும் கம்ப்யூட்டரையும் வயரால் சேர்த்தான். பாஷை விளங்கிவிட்டது. என் பெயரில் உள்ளே போனான். வாசலில் முத்துச்செல்வியும் கோயில்பிள்ளை சாரும் வந்து நின்றார்கள்.

ஒரு வழி இருக்கிறது என்றான். வைஃபை பாஸ்வேர்டை மாற்றித் தெருவில் எல்லா வீட்டையும் வெட்டிவிட்டு, பெட்டியை அணைத்துப் போட்டால், அறைக்குப் போக வேறு வீடே இருக்காது, நம் சுவருக்குத்தான் திரும்ப வேண்டும். அதோடு நம்பரை நிலையாக எழுதிவிட்டால் இனிமேல் நகராது.

“நிச்சயமா வருமா தம்பி?”

“அநேகமா வரும்மா.”

“அநேகமான்னா?”

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். “உள்ள ஆள் இருக்கும்போது நான் இதுக்கு முன்னாடி செஞ்சதில்ல.”

முத்துச்செல்வி, எங்களை வெட்டிவிடுங்கள் மைனி, புள்ளை எங்கேயாவது போய்ப் படித்துக்கொள்ளும், அண்ணாச்சி வந்தால் போதும் என்றாள். வேறு வழியே இல்லையா என்று நான் கேட்டேன். பிரிட்டோ தயங்கித் தயங்கிச் சொன்னான். அப்பா எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டாரை நம்மைப் போல் சொந்தக்காரராக எழுதினால், அந்த வாசல் அவருக்குச் சொந்த வாசல் ஆகிவிடும், அணைக்காமலே தாண்டலாம். ஆனால் பெட்டியில் இருக்கிறதெல்லாம் அவர்கள் கைக்கும் போய்விடும்.

“அப்ப காஜா பாயை எழுது.”

“அம்மா, கொஞ்சம் யோசிங்க.”

“முத்துச்செல்வியை எழுது. சாரை எழுது. இஸ்திரிக்காரங்களை எழுது. தெருவுல ஒருத்தரையும் விடாம எழுது. நாளைக்கு கரண்ட் போனா அவுக யார் வீட்டுல நிப்பாகளோ, நமக்கு என்ன தெரியும்?”

“எல்லாருக்கும் முழு அனுமதின்னு போடுறதை எங்க ஆபீஸ்ல யாராவது செஞ்சா வேலையை விட்டே தூக்கிருவாங்கம்மா. நம்ம பத்திரம் உள்ள இருக்கு. யாரும் எடுக்கலாம், யாரும் அழிக்கலாம்.”

“உங்க அப்பாவையே அவங்ககிட்ட விட்டு வச்சிருந்தோம். ஒரு வேளை பட்டினி போட்டாங்களா? பத்திரத்தைப் போயா அழிக்கப் போறாங்க.”

அவன் தெருவில் எல்லார் பெயரையும் எழுதிவிட்டு எழுந்து எனக்கு இடம் விட்டான். சொந்தக்காரி நான்தானே, நான்தான் அமுக்க வேண்டுமாம். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அவன் காட்டின இடத்தில் அமுக்கினேன். பச்சை விளக்கு ஒரு தரம் மினுக்கிவிட்டு நிதானமாக எரிந்தது. எங்கள் சுவரில் காலண்டருக்குப் பின்னால் கதவு இருந்தது. முத்துச்செல்வி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, எங்க அடுப்பங்கரையிலயும் திறந்திருக்கு மைனி என்றாள். சார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலும் திறந்திருந்தது. தெருவில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டிலும் அந்த ஒரே அறை திறந்திருந்தது.

ஜெனிட்டா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காஜா பாய் வீட்டுக்குத் தெருவோடு ஓடினாள். அறை வழியாகப் போயிருக்கலாம், அவளுக்கு அது தோன்றவில்லை. நானும் பின்னாலேயே போனேன். இவர் படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்து, காஜா பாய் தைத்துக் கொடுத்த புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். படி வழிவிட்டுவிட்டது தெரியும், ஆனாலும் காலை எடுத்து வைக்கவில்லை. பாயின் மனைவி செய்யதம்மாளைப் பார்த்து, “வரட்டுமாம்மா?” என்று கேட்டார்.

“இது என்ன கேள்வி அண்ணாச்சி, உங்க வீடு” என்றாள் அவள்.

இவர் வெளியே வந்தார். கட்டைவிரலை எடுத்து ஜெனிட்டாவின் நெற்றியில் வைத்தார். மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு. அவ்வளவுதான், எப்போதும் போடுவதுதான். ஆனால் விரலை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, நல்லா இருப்ப மோளே என்று சொன்னார், வாயைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி. காஜா பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு தையல் மெஷினைத் துடைத்தார்.

பெண்ணை அலங்காரம் கலையாமல் அறை வழியாக வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவள் சொந்தக்காரப் பெண்கள் நடுவே போய் உட்காரவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தட்டுகள் இறங்கின, பழம் இறங்கியது, சாமியார் வந்துவிட்டார், எல்லாருக்கும் காப்பி கொடுத்தாயிற்று. டம்ளருக்குக் குறைவே இல்லை. இவரை மட்டும் காணவில்லை. அறை வழியாக வந்தால் நான்கு எட்டு. ஆனால் இவர் தெருவோடுதான் நடந்து வருவேன் என்று புறப்பட்டிருக்கிறார், இஸ்திரிக்காரர் வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள், கோழி வெந்துவிட்டது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று. அங்கிருந்து வந்தால் அடுத்த நடையில் கணக்குக்கு அழுகிற பிள்ளை மார்க்கைக் காட்ட நிற்கிறது. அதற்கடுத்து கோயில்பிள்ளை சார் கையைப் பிடித்துக்கொண்டு ஓடையைக் காட்டி ஏதோ சொல்ல, இவரும் குனிந்து ஓடையைப் பார்க்கிறார்.

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“சம்பந்தியம்மா, அந்த வெள்ளைச் சட்டைக்காரர் யாரு? ஒரு வீட்டுக்காரரும் அவரை விட மாட்டேங்கறாங்களே.”

“அவுகதான் பொண்ணோட அப்பா” என்றேன். “இந்தா, அடுத்த வீடு வரைக்கும் வந்துட்டாக. இன்னும் ஒரு காப்பி குடிங்க.”